கடைசி மூணு கம்பம்

பதினோரு மணிக்குள்ள கொடுத்துடுங்கப்பான்னு சொல்லிட்டான் ராஜகுரு, பெங்களூர்ல உட்கார்ந்துக்கிட்டு. பதினோரு மணிக்கு வீடியோவுல வருவானாம், அம்மா தூங்குறாளான்னு பார்ப்பானாம். வரட்டும், பார்க்கட்டும், நான் பெத்த மகன்தானே, என்னை அரெஸ்ட்டா பண்ணப் போறான். மணி இப்ப பத்து அஞ்சு. என் கையில கிண்ணம், கிண்ணத்துல பாதி சிறுமலைப் பழம், பழத்துக்குள்ள பொடிச்ச மாத்திரை. பகல்ல கூட இருந்து பார்த்துக்குற பிலோமினா அதைப் பிசைஞ்சு என்கிட்ட நீட்டிட்டு, நீங்க ஊட்டுங்க சார், நான் ஊட்டினா துப்புறாங்கன்னு சொல்லிட்டு மொட்டை மாடிக்குத் துணி அலசப் போயிட்டா. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கேன். கட்டில்ல என் பொண்டாட்டி திலகவதி. அறுபத்தெட்டு வயசு, மறதி நோய் வந்து நாலு வருஷம் ஆச்சு. பேர் கேட்டா சொல்ல மாட்டா, நான் யாருன்னு கேட்டா சிரிப்பா, அந்தச் சிரிப்பும் இப்ப இல்ல. மூணு வாரத்துக்கு மேலயே கத்துறா, அடிக்கிறா, எழுப்பி நிக்க வச்சா கடிக்க வர்றா. அதுக்குத்தான் இந்த மாத்திரை. போன வாரம் அரை. இன்னிலேர்ந்து முழுசு, ரெண்டு வேளை.

அரைக்கே ரெண்டு நாள் கட்டையாக் கிடந்தா. வாயோரம் எச்சில் வழிஞ்சுது, ஒண்ணுக்குப் போனது தெரியல, இட்லியை வாயில வச்சா அங்கேயே நின்னுச்சு. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். பழனியிலேர்ந்து இவ தங்கச்சி சுகந்தி போன் போட்டு, அக்கா அமைதியாயிட்டாளாமே அத்தான், முருகன் கண்ணைத் தொறந்துட்டான்னா. முருகன் தொறந்தது இருக்கட்டும், இவ கண்ணை மூடிட்டாளே, அதை யாரு கேக்குறது. நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். கண்ணு தூங்குச்சு, வாய் தூங்குச்சு, நெத்தி தூங்கல. ரெண்டு புருவத்துக்கும் நடுவுல அந்தக் கோடு. எண்ணெய் தெறிச்சா விழுமே, ராஜகுரு பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப விழுந்துச்சே, அதே கோடு, ரெண்டு நாளும் அழியல. வலி இருக்குடா இவளுக்குன்னு ராஜகுருகிட்ட சொன்னேன். வியாதியே அப்படித்தாம்ப்பா, கடைசி ஸ்டேஜ்ல இப்படித்தான் ஆவாங்களாம், நான் படிச்சேன்ங்கிறான். படிச்சானாம். முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்துல கம்பம் ஏறினவன் நான், எனக்கும் ஒரு படிப்பு இருக்கு. ஃபியூஸ் போகுதுன்னா எங்கேயோ ஃபால்ட். திரும்பத் திரும்பப் போகுதேன்னு தடிச்ச கம்பியைச் சுத்தி வைக்கிறவன் இருக்கானே, அவன் வீட்டுல அன்னிக்கு லைட் எரியும், ஃபேன் ஓடும், அவன் காலை நீட்டித் தூங்குவான், சுவத்துக்குள்ள ஒயர் உருகிக்கிட்டிருக்கும். எத்தனை வீட்டுல அந்தக் கம்பியைப் பிடுங்கி அவனுங்க மூஞ்சிக்கு நேரா ஆட்டியிருக்கேன். இப்ப என் கையிலயே தடிச்ச கம்பியைக் கொடுத்து என் வீட்டுலயே சுத்தச் சொல்றாங்க. அதுவும் வாழைப்பழத்துல வச்சு.

டாக்டரைக் குத்தம் சொல்லல. வாசல்ல அறுபது பேர் டோக்கனோட நிக்கிறான், அவரும் மனுஷன்தான். எங்கேயாவது வலிக்குதாம்மான்னு கேட்டார். ஆச்சுன்னு சொன்னா இவ. அவ்வளவுதான், கம்ப்யூட்டர்ல தட்டிட்டார், வலி இல்லைன்னு. ஐயா, இவ எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா, சாப்டியான்னா ஆச்சு, குளிக்கலாமான்னா ஆச்சு, நிலாவுக்குப் போயிட்டு வந்தியான்னு கேளுங்க, அதுக்கும் ஆச்சும்பான்னேன். சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே மாத்திரை எழுதினார். நாப்பத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல காபி ஆச்சா, குழம்பு ஆச்சா, துணி ஆச்சான்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், அவ ஆச்சு ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, எல்லாச் சொல்லும் போனப்புறம் அது ஒண்ணு வாயிலேயே தங்கிடுச்சு. நான் கேட்டுக் கேட்டுப் பழக்கினதுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. வாய் இல்லாதவ என்ன பண்ணுவா, கையால சொல்லுவா, காலால சொல்லுவா. எட்டி உதைச்சா ராட்சசின்னு சொல்லி மாத்திரையைக் கூட்டிடுறோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க. மணி பத்து பதினஞ்சு. பழம் கறுத்துக்கிட்டு வருது. கறுக்கட்டும்.

நானும் சும்மா இல்ல. பத்து நாளா லைன் ரோந்து போற மாதிரிதான் போயிருக்கேன் இவ உடம்புல, ஒரு கம்பம் விடாம. முதல்ல காது. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அழுக்கு இருந்துச்சு, சொட்டு மருந்து விட்டு எடுத்தாச்சு, கத்தல் நிக்கல. அப்புறம் பல்லு. கீழ்க் கடைவாயில ஒண்ணு ஆடுதான்னு விரலை விட்டேன், கடிச்சா, இந்தா இன்னும் தழும்பு இருக்கு, ஆனா ஈறு சுத்தம். தோள்பட்டையைத் தூக்கிப் பார்த்தேன், முகம் மாறல. வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு, நாலு நாளா வெளிக்குப் போகல, கண்டுபிடிச்சுட்டேன்டான்னு துள்ளினேன். நர்ஸ் வந்து எனிமா கொடுத்து எல்லாம் போச்சு, ரெண்டு மணி நேரம் நிம்மதியா இருந்தா, அப்புறம் எழுப்பி நிறுத்தினதும் வீடே அதிர்ற மாதிரி ஒரு கத்து. ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணியாச்சு, கிருமி இல்ல. முதுகுல படுக்கைப் புண் இல்ல, அதுல பிலோமினா கெட்டிக்காரி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிடுவா. இடுப்பு எக்ஸ்ரே, முழங்கால் எக்ஸ்ரே. தேய்மானம் இருக்கு, அது எனக்கும்தான் இருக்கு, நான் யாரையும் கடிக்கல. முழங்கால் வரைக்கும் வந்தேன். முழங்காலோட நின்னுட்டேன். ஏன் நின்னேன். அதுக்குக் கீழ என்ன இருக்கு, கணுக்காலும் பாதமும், காலுறை போட்டிருக்கா, மார்கழிக் குளிர். போர்வை கால்ல பட்டாக்கூட கத்துறாளே. போர்வை என்ன கனம் இருக்கும். நான் காலுக்குக் கையைக் கொண்டு போனேன் ஒரு தடவை, வெடுக்குனு இழுத்துக்கிட்டா. விட்டுட்டேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்துச்சு, அதை இப்பச் சொல்ல வெக்கமா இருக்கு. எல்லாம் மறந்தும் இதை மறக்கலையே இவன்னு நினைச்சேன்.

இதுன்னா எது. புருஷன் கை பொண்டாட்டி காலைத் தொடக்கூடாதாம். அவ அம்மா சொல்லிக் கொடுத்தது. ராஜகுரு வயித்துல இருந்தப்ப கால் ரெண்டும் பூசணிக்காயா வீங்கிக் கிடந்துச்சு, கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடுறேன்டின்னு உட்கார்ந்தேன். பதறிப் போய்க் காலைச் சேலைக்குள்ள இழுத்துக்கிட்டு, பாவம்ங்க, கால்ல கை வைக்காதீங்கன்னு கண்ணுல தண்ணி விட்டுட்டா. வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கேன், கல்யாணத்தன்னிக்கு. அம்மி மேல காலை எடுத்து வச்சு மெட்டி போட்டு விட்டேன். இருபது வயசுப் பொண்ணு, விரல்ல மருதாணி, ஐயர் சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்துறார், என் கை நடுங்குது, கூட்டம் சிரிக்குது. அதோட சரி. மெட்டி. இந்த எடத்துக்கு வந்தா மனசு வேற பக்கம் ஓடுது. எப்பக் கத்த ஆரம்பிச்சா, அதை யோசிடா. எந்த ஃபால்ட்டுக்கும் முதல் கேள்வி அதுதான், எப்ப டிரிப் ஆச்சு, அதுக்கு முன்னாடி அந்த லைன்ல யார் கை வச்சது. கார்த்திகை தீபத்தன்னிக்கு நல்லா இருந்தா, விளக்கையெல்லாம் பார்த்துக் கை தட்டினா. நாலஞ்சு நாள் கழிச்சு நொண்டினா. அப்புறம் கத்தல். நடுவுல யாரும் வரலையே. சுகந்தி வந்தா, தீபத்துக்கு, பொரி உருண்டை கொண்டு வந்தா, அக்காவைக் கட்டிப் பிடிச்சு அழுதா, சாயந்திரம் பஸ்ஸுக்குப் போயிட்டா. அழுதா. ஏன் அழுதா.

ஒரு ஈ. ஜன்னலோரம் சுத்திக்கிட்டு இருந்தது கீழே இறங்கி வந்திருக்கு. என் கையில பழம் இருக்கு, சிறுமலைப் பழம், தெருமுனைக்கு மணக்கும். அதுல உட்காரல. இவ வாயோரம் எச்சில் இருக்கு, அதுலயும் உட்காரல. நேராப் போய் இவ இடது கால் உறை மேல உட்காருது, விரல் பக்கம். விரட்டுறேன், போகுது. திரும்ப வந்து அங்கேயே. இன்னொரு ஈயும் சேர்ந்துக்குது. நேத்தும் இப்படித்தான் மொய்ச்சுது, ஃபேனைக் கூட்டி வச்சேன். ரூம்ல ஒரு மாதிரி வாடை வருது சார், எத்தனை தடவை துடைச்சாலும் போகலன்னு பிலோமினா நாலு நாளாச் சொல்றா, ஒண்ணுக்கு வாடைன்னு நானும் பினாயில் வாங்கிக் கொடுத்தேன். அட மடையா. எண்பத்தேழுல ஒயர்மேன் மாயழகு வந்து நின்னான், சார், லைன் பூரா பார்த்தாச்சு, ஃபால்ட்டே இல்லைன்னான். பூராவும் பார்த்தியாடான்னேன். கடைசி மூணு கம்பம் மட்டும் முள்ளுக்காட்டுக்குள்ள இருக்கு சார், அங்க ஒண்ணும் இருக்காதுன்னான். அங்கதான் இருந்துச்சு, ரெண்டு கம்பிக்கும் நடுவுல ஒரு வவ்வால் கருகித் தொங்குச்சு. அத்தனை பேர் முன்னாடி அவனை நான் கிழிச்ச கிழி, அவன் சாகுற வரைக்கும் மறந்திருக்க மாட்டான். மூணு ஊர் ராத்திரி பூரா இருட்டுல கிடந்துச்சேடா, முள்ளு குத்தும்னு நின்னுட்டியாடான்னு கேட்டேன். நான் எதுக்கு நின்னேன். எனக்கு எந்த முள்ளு குத்திச்சு.

சுகந்தி ஏன் அழுதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் சுத்திக்கிட்டு இருக்கேன். அக்கா கால் வெறுங்காலா இருந்துச்சு. ரெண்டு மூணு மாசமா இவ மெட்டியைக் கழட்டிக் கழட்டிப் போட்டுக்கிட்டே இருந்தா. ஒரு நாள் அரிசி டப்பாவுல கிடந்துச்சு, ஒரு நாள் துளசிச் செடியில, கடைசியா எங்க போச்சுன்னே தெரியல. புத்தி கெட்டுப் போச்சு, அதான் கழட்டிப் போடுறான்னு விட்டுட்டோம். சுகந்தி பார்த்துட்டு, அத்தான், நீங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கீங்க, எங்க அக்கா மூளியா நிக்கிறாளேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. அன்னிக்கே கடைவீதிக்குப் போய் நல்ல கனமா ரெண்டு மெட்டி வாங்கிட்டு வந்தா. கழட்ட முடியாதபடி இறுக்கிடுங்க அத்தான், உங்ககிட்டதான் ஆயுதம் இருக்கேன்னா. இருந்துச்சு. என்னோட பிளையர், ரிடையர் ஆனப்ப என்கூடவே வந்தது. சுகந்தி காலைப் பிடிச்சுக்கிட்டா, கட்டில்ல குனிஞ்சு நான் இறுக்கினேன், விரலைத் தொடாம, பிளையர் மூக்கால, ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற அளவுக்கு. பெருமையா வேற இருந்துச்சு, இனி எவன் கழட்டுறான் பார்ப்போம்னு சொன்னேன். பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து இவ கால் வீங்குது, அதுவும் எனக்குத் தெரியும், தினமும் சாயந்திரம் பாதம் பளபளன்னு இருக்கும். தெரிஞ்சும் இறுக்கினேன். இவ கழட்டிப் போட்டது புத்தி கெட்டு இல்ல. இறுக்குதுன்னு கழட்டியிருக்கா. எங்க வலிக்குதுன்னு எனக்குக் கையில எடுத்துக் காட்டியிருக்கா, அரிசி டப்பாவுல வச்சுக் காட்டியிருக்கா. நான் என் ஆயுசைக் காப்பாத்திக்க அவ விரலை நெரிச்சிருக்கேன்.

கிண்ணத்தைக் கீழ வச்சாச்சு. பிலோமினான்னு கூப்பிட்டேன், கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஈரக் கையோட ஓடி வந்தா. வெந்நீர் கொண்டு வான்னேன். காலுறையை மாத்தி எத்தனை நாளாச்சும்மான்னு கேட்டதுக்கு மென்னு முழுங்கினா, தொட விட மாட்டேங்கிறாங்க சார், பத்து நாள் இருக்கும், கணுக்கால் வரைக்கும்தான் துடைக்கிறேன்னா. நான் அவளைத் திட்டல. எனக்கு என்ன யோக்கியதை. ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில உட்கார்ந்து, இவ இடது காலை எடுத்து என் மடியில வச்சேன். உதைச்சா, நெஞ்சுல விழுந்துச்சு. உதைடி, இன்னொண்ணு உதைன்னேன். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, ஒட்டின துணியை ஊற வச்சு உரிச்சேன். விரல் கத்திரிக்காய் நிறத்துல இருக்கு. மெட்டி தெரியல. மேல ஒரு நெல்லளவு வெள்ளி மின்னுது, மத்ததெல்லாம் சதைக்குள்ள, சுத்தி சீழ். பிலோமினா சிலுவை போட்டுக்கிட்டா. நான் அழுதேனா தெரியல, கண்ணாடி மங்குச்சு, துடைச்சுக்கிட்டேன். அந்த அலமாரியில சிவப்புப் பிடி போட்ட பிளையர் இருக்கு, ஸ்டவ்ல காட்டிட்டு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக் கொண்டு வாம்மான்னேன். அவ நகரல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம் சார்னா. போவோம், வெட்டிட்டுப் போவோம். மூணு வருஷம் முன்னாடி எக்ஸ்ரே எடுக்கத் தாலியைக் கழட்டச் சொன்னதுக்கே சுகந்தி அங்க மல்லுக்கு நின்னு ஒரு மணி நேரம் ஓடுச்சு. இன்னிக்கு இவ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூணு வாரம் காத்திருந்தது போதும்.

பிளையரைக் கொண்டு வந்தா. கொடுக்கல, நெஞ்சோட வச்சுக்கிட்டு நின்னா. அவளும் ஊர்க்காரிதானே, கும்பிடுற கோயில்தான் வேற, பயம் ஒண்ணுதான்.

"வேணாம் சார். நீங்க இருக்கும்போதே மெட்டியை வெட்டக் கூடாது சார். அம்மா தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாம்."

"இருக்கேன்ல? அதான் வெட்டுறேன்."

வாங்கிட்டேன். முழங்காலைப் பிடிச்சுக்கோன்னேன், பிடிச்சுக்கிட்டா. என் ஆயுசு இந்த வெள்ளித் துண்டுலதான் தொங்குதுன்னா அறுந்து விழட்டும், எழுபத்திரண்டு வயசு வாழ்ந்தாச்சு, எமன் வர்றதுன்னா வரட்டும், ஆனா பதினோரு நாப்பதுக்கு வரட்டும், எனக்கு ரெண்டு கால் வேலை இருக்கு. பிளையர் மூக்கை அந்த நெல்லளவு வெள்ளியில வச்சேன். என் கை நடுங்கல. கல்யாணத்தன்னிக்கு நடுங்கின கை. அழுத்தினேன். அவ கத்தின கத்துல ஜன்னல்ல இருந்த காக்கா பறந்துச்சு. டக்குன்னு விட்டுச்சு. ரெண்டு முனையையும் பிடிச்சு மெல்ல விரிச்சேன், சதையை விட்டு வெளிய வந்துச்சு, ரத்தமும் சீழுமா என் வேட்டியில கொட்டுச்சு. எரியுறதைப் பிடுங்கினா கொதிக்கிறது அடங்கும்பாங்க. பிலோமினா பஞ்சை வச்சு அழுத்தினா. கத்தல் தேஞ்சு தேஞ்சு முனகலாச்சு, முனகலும் நின்னுச்சு. நான் விரலைப் பார்க்கல, நெத்தியைப் பார்த்தேன். மாத்திரை போடாத நெத்தி. அந்தக் கோடு ஒரு தடவை ஆழமா விழுந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிஞ்சு காணாமப் போச்சு. நாலு வருஷத்துல முதல் தடவையா என் மூஞ்சியை நேராப் பார்க்குறா.

போன் அடிக்குது. மணி பதினொண்ணு, அவன்தான். கிண்ணத்துல பழம் கறுத்துப் போய்க் கிடக்கு, அதுல இப்பவும் ஒரு ஈகூட இல்ல. அவன்கிட்ட பேசுறேன், இந்த விரலை அவனுக்குக் காட்டுறேன், அதே டாக்டர் மேஜை மேல இந்தக் காலைத் தூக்கி வச்சு, எழுதுங்க ஐயா, வலி இருக்குன்னு எழுதுங்கன்னு சொல்றேன், சுகந்திகிட்டயும் நானே சொல்லிக்கிறேன். எல்லாம் அப்புறம். வெந்நீரை இன்னும் கொஞ்சம் பக்கத்துல இழுத்துக்கிட்டேன். அவ உதடு அசையுது. ஆச்சுன்னு சொல்லப் போறான்னு நினைச்சேன்.

"பாவம்ங்க," ங்கிறா. "கால்ல கை வைக்காதீங்க."

"வைப்பேன்," ன்னேன்.

போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. வலது காலை எடுத்து மடியில வச்சுக்குறேன்.